பைகள் உட்காரும் சீட்டு

வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை உள்ளே வீசிவிட்டு, வேன்காரர் மறுபடியும் ஏறி மண்டியிட்டுக்கொள்கிறார். காலையில் ஒரு தடவை கழுவியாயிற்று. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்ததும் இது இன்னொரு தடவை. கையில் மயிர் தேய்ந்துபோன பிரஷ். சீட்டுக் கால்களைத் தரையோடு பூட்டியிருக்கும் போல்ட்டுகளின் இடுக்கில் அதை விட்டுக் குடைகிறார். அங்கே அழுக்கு இல்லை. அழுக்கு இருந்து ரொம்ப நாளாகிறது. எதிர்க் கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்தபடியே, "அண்ணா, தரை ஓட்டையாயிடப் போகுது" என்கிறார். "அவசரமில்ல" என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது.

கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. எதற்கும் அவருக்கு 'அவசரமில்ல'தான். டீ ஆறுகிறதே என்றால் அவசரமில்ல. டயர் தேய்ந்துவிட்டதே என்றால் அவசரமில்ல. சிக்னல் விழுந்தபின் பின்னால் இருக்கிறவன் ஹாரனை அலறவிட்டால், தலையை வெளியே நீட்டி, "அவசரமில்ல தம்பி, எல்லாரும் அங்கதான் போறோம்" என்பார். எங்கே என்று சொல்ல மாட்டார். பள்ளி வேன் ஓட்டுகிறவர்களில் இப்படி ஓர் ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. தாய்மார்கள் அவரிடம் பிள்ளைகளை நம்பி ஒப்படைத்ததே அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

ஆள் கனமான உடம்பு. ஸ்டியரிங்கில் வயிறு இடிக்கும். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, பெண்பிள்ளைகளின் ஹேர்கிளிப் ஒன்று இருக்கும். வண்டியின் முன்பக்கம், கண்ணாடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கிறார். பிள்ளைகள் விட்டுப்போன சாமான்களெல்லாம் அதற்குள் போகும். ஒற்றைச் சாக்ஸ், பாதி ரப்பர், பித்தான், ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டிக்குள் ஒரு பால்பல் இருக்கிறது. வேனில் வரும்போது ஒரு பையனுக்கு விழுந்தது. அவன் அழுத அழுகையில், "பத்திரமா வெச்சிருக்கேன்டா கண்ணு" என்று வேனக்கா அதைத் தீப்பெட்டியில் போட்டு மூடினாள். பையன் இறங்குகிற அவசரத்தில் மறந்துபோனான். இப்போது அவனுக்கு மீசை அரும்புகிறது. "தூக்கிப் போடுங்களேன்" என்று மனைவி சொன்னதற்கு, "கேட்டு வந்தா என்ன சொல்றது?" என்று வேன்காரர் நிஜமாகவே கவலைப்பட்டார்.

வேனக்கா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். பிள்ளைகளை ஏற்றி இறக்குவதற்கும், சண்டையை விலக்குவதற்கும், மூக்கைச் சிந்திவிடுவதற்கும் வேனில் கூடவே வந்த பெண்மணி. கடைசி சீட்டின் ஜன்னலோரம் அவள் இடம். அங்கிருந்து பார்த்தால் எல்லாத் தலையும் தெரியும் என்பாள். வேன்காரரைவிட மூத்தவள், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஓட்டுவது இவர், அதிகாரம் அவளுடையது. "தம்பி, வளைவு வருது, பாத்து" என்று பின்னாலிருந்து குரல் கொடுப்பாள். தினமும் ஓட்டுகிற பாதை, தினமும் வருகிற வளைவு, தினமும் அதே குரல். இவரும் தினமும் "தெரியும்க்கா" என்பார். பெரிய நோய் வந்த காலத்தில் அவள் போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் போய்விட்டாள் என்றுதான் ஊருக்குத் தெரியும்.

இப்போது அந்த வேனுக்கு ஒரு வாசனை உண்டு. பள்ளி வேன் என்றால் என்ன வாசனை அடிக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். ஈரச் சாக்ஸ், பென்சில் சீவல், சரியாக மூடாத சாப்பாட்டு டப்பா, யாரோ எப்போதோ வாந்தியெடுத்த மிச்சம். இந்த வேனில் அதெல்லாம் கிடையாது. கதவைத் திறந்தால் கிருமிநாசினி மூக்கில் ஏறுகிறது. பிள்ளைகளுக்காகத்தான் அத்தனை ஊற்றுகிறார். அந்தத் தெருக்களில் அந்த வாசனை எதை ஞாபகப்படுத்தும் என்பது மட்டும் மனுஷனுக்கு உறைக்கவில்லை. மகளை ஏற்றிவிட வந்த ஓர் அம்மா கதவருகே மூச்சை இழுத்தாள், முகம் மாறிப்போனது. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கே அண்ணா" என்றாள். அவர் காதில் அது பாராட்டாகத்தான் விழுந்தது. "ஆமாம்மா, அவ்வளவு சுத்தம்" என்றார் சந்தோஷமாக. அடுத்த வாரம் அந்தப் பெண்குழந்தை வரவில்லை.

நோய் ஊரைப் பிடித்திருந்தபோது பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். பள்ளி வேன்களெல்லாம் தெருவோரம் தூசி படிந்து நின்றன. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அது வருவதற்குள் ஆள் இருப்பதில்லை. சுகாதார அதிகாரி ஒருவர் வீடு வீடாக வந்து வேன் கேட்டார். ஒருவருக்கு பேட்டரி போயிருந்தது. ஒருவருக்குச் சாவி தொலைந்திருந்தது. இன்னொருவர் வண்டியை மைத்துனன் பெயருக்கு மாற்றிவிட்டதாக அந்த நிமிஷம் தோன்றியதைச் சொன்னார். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, உயிர் எல்லோருக்கும் வெல்லக்கட்டிதான். நம் ஆள் மட்டும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். வண்டி சும்மா நின்றால் டயர் கெட்டுவிடும் என்பதற்காகத்தான் அவர் ஒப்புக்கொண்டார் என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம்.

நடுவில் இருந்த சீட்டுகளைக் கழற்றி வீட்டு வாசலில் அடுக்கினார். நோயாளி படுக்க, தரையில் ஒரு பலகையும் அதன்மேல் ரெக்சின் மெத்தையும் போட்டார். கடைசி சீட்டு மட்டும் வண்டியின் உடம்போடு வெல்டிங் வைத்தது. கழற்ற முடியவில்லை, கூட வருகிறவர்கள் உட்காரட்டும் என்று விட்டுவிட்டார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மேலிருந்து கீழ்வரை தடித்த பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்கவிட்டு ஓரமெல்லாம் டேப் ஒட்டிக் கொடுத்தார்கள். பின்னால் பேசுவது முன்னால் கேட்க வேண்டுமென்றால் கத்த வேண்டும். "மீன் தொட்டிக்குள்ள உக்காந்து ஓட்ற மாதிரி இருக்கும்" என்பார். யார் யாரை ஏற்றிக்கொண்டு போனார் என்பதை அவர் சொன்னதில்லை. அவர்களில் நல்லபடியாகத் திரும்பி வந்தவர்களும் உண்டு. அவர்களை வீட்டில் கொண்டுவந்து இறக்கியதும் இதே வேன்தான். ஆனால் அதை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? போனது மட்டும்தான் மனதில் நிற்கிறது. வேன் சத்தம் கேட்டால் யார் வீட்டுக்கு என்று எட்டிப் பார்த்த ஜன்னல்கள், போகப் போக வேன் சத்தம் கேட்டாலே சாத்திக்கொண்டன.

ஒருவழியாக நோய் தணிந்தது. கடை வாசல்களில் ஆளுக்கொரு இடம் என்று பெயின்ட்டால் வரைந்திருந்த வட்டங்களை ஜனங்கள் மிதித்து மிதித்தே அழித்தார்கள். பள்ளிக்கூடம் திறந்தது. வேன்காரர் சீட்டுகளைத் திரும்பப் பூட்டி, வெளியே புதுப் பெயின்ட்டும் அடித்தார். அந்தச் சமயம் பார்த்து ஊர்ப் பெரியவர்கள் ஒரு பாராட்டு விழா வைத்தார்கள். மேடையில் அவர் கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பாராட்டுப் பத்திரத்தைக் கொடுத்து, கை தட்டி, வேன் பக்கத்தில் நிற்க வைத்துப் படமும் எடுத்தார்கள். படம் பத்திரிகையில் வந்தது. வேன் நம்பர் பளிச்சென்று தெரிந்தது. அதுவரைக்கும் இது எந்த வேன் என்று தெரியாமல் இருந்த நாலு தெருக்காரர்களும் தெரிந்துகொண்டார்கள். பாராட்டிய கையோடு பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள்.

யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, சொன்னால்கூடத் தேவலை. ஆளுக்கொரு சாக்கு. தாத்தாவே கூட்டிப் போறேங்கறார் அண்ணா. நடந்து போனா உடம்புக்கு நல்லதாம் அண்ணா. எங்க வீட்டுக்காரர் ஸ்கூட்டர் வாங்கிட்டார் அண்ணா. ஸ்கூட்டர் வாங்கியவரை அடுத்த நாள் பேருந்து நிறுத்தத்தில் மகனோடு பார்த்தார் வேன்காரர். அவர் எங்கே பார்த்துவிடுவாரோ என்று அந்த ஆள் கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கினார். "பாவம், மறையற அளவுக்கு கம்பம் அகலமில்ல" என்று வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

இதெல்லாம் காலப்போக்கில் சரியாகியிருக்கும். ஜனங்கள் எதைத்தான் மறக்கவில்லை? இவர் சும்மா இருந்திருந்தால் போதும். இவர்தான் சும்மா இருக்கவில்லையே.

எந்தப் பள்ளி வேனிலும் கடைசி சீட்டுதான் சிம்மாசனம். சின்னப் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து, வருஷா வருஷம் ஒவ்வொரு வரிசையாகப் பின்னால் நகர்ந்து, பெரிய வகுப்புக்கு வரும்போது கடைசி சீட்டைப் பிடிப்பார்கள். அதற்காக அடிதடிகூட நடக்கும். பள்ளி திறந்த முதல் நாளே வேன்காரர் அந்தச் சீட்டை மூடிவிட்டார். பிள்ளைகளின் பைகளையெல்லாம் வாங்கி அதன்மேல் அடுக்கினார். "அங்க பைதான் உக்காரும்" என்றார். ஏன் மாமா என்றார்கள். "பைதான்" என்றார். எதற்கும் அவசரப்படாத மனுஷன் அந்த ஒரு விஷயத்தில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசினார். ஒரு பையன் தெரியாமல் பின்னால் போய் உட்கார்ந்தபோது, ஓடுகிற வண்டியை ஓரங்கட்டி, இறங்கி வந்து அவனைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தார். தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியையும் கூரையைப் பார்த்துத் திருப்பிவிட்டார்.

பிள்ளைகள் வாயை யார் கட்ட முடியும்? "வேன் மாமா கடைசி சீட்ல உக்கார விடமாட்டேங்கறார்மா" என்று வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. தாய்மார்கள் வாசலில் நின்று ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டினார்கள். அப்படியானால் அங்கே என்னவோ இருந்திருக்கிறது. எவ்வளவு கழுவியும் போகாத என்னவோ. வேனில் நோயாளிகள் போனார்கள் என்று பொதுவாகத் தெரிந்திருந்தவர்களுக்கு, இன்ன இடம் என்று விரல் நீட்டிக் காட்டியது வேன்காரர்தான். அதற்குப் பிறகு சாக்கு சொல்லக்கூட யாரும் வரவில்லை. பிள்ளைகள் வராமல் நின்றார்கள், அவ்வளவுதான்.

பள்ளி அலுவலகத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள். மேனேஜர் நல்ல மனிதர், அதனால் மென்று முழுங்கினார். "உங்க மேல எங்களுக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனா அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க பாதிப் பேருக்கு மேல நடந்து வர்றாங்க. பெற்றோரெல்லாம் வேற வேன் விடச் சொல்லிக் கேக்கறாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள சீட் ரொம்பலைன்னா, வேற ஆளுக்குத்தான் கொடுக்கணும்." வேன்காரர் வாயில் அன்றைக்கு 'அவசரமில்ல' வரவில்லை. அவருக்கு வேறு வேலை தெரியாது. லாரி ஓட்டுகிற கண்ணும் முதுகும் போய்விட்டன. வேனை விற்கலாம் என்றால் அதன் பெருமை ஊருக்கே தெரியும், யார் வாங்குவார்கள்? மேனேஜருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார்.

மிச்சமிருந்த பிள்ளைகளில் மாடி வீட்டுப் பையன் ஒருவன். அவன் அம்மா வராந்தாவில் நின்று கையசைத்தால் அந்தத் தெருவில் இன்னும் இரண்டு வீட்டார் நம்பி அனுப்புவார்கள். அவள் நிறுத்தினால் தெருவே நிற்கும். அவளுடைய அப்பாவை இந்த வேனில்தான் ஏற்றிப் போனார்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டு இறங்க முடியாமல் அவள் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அப்பா திரும்பவில்லை. அப்படிப்பட்டவள் பெரிய மகனை இதே வேனில் அனுப்பினாள் என்றால் அதற்கு எத்தனை மனசு வேண்டும். அவளே ஒருநாள் காலையில் கீழே இறங்கி வந்து டிரைவர் ஜன்னல் அருகே நின்றாள்.

"அண்ணா, ஒண்ணு கேப்பேன். தப்பா நெனக்கக் கூடாது."

"கேளும்மா."

"உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. எங்கப்பாவைத் தொட ஆளில்லாதப்ப நீங்கதான் தூக்கினீங்க. செத்தாலும் மறக்க மாட்டேன். ஆனா உங்க பொண்ணு ஏன் பஸ்ல போறா?"

அவர் ஸ்டியரிங்கைத் துடைத்தார்.

"முன்னெல்லாம் இதுலதானே வருவா. அதே ஸ்கூல்தானே. உங்க வண்டில உங்க பொண்ணையே ஏத்த மாட்டேங்கறீங்க. நான் மட்டும் எந்த தைரியத்துல அண்ணா அனுப்பறது? நாளைக்கு ஒருநாள் பாக்கறேன். அவ உள்ள இருந்தா ஏத்திவிடறேன். இல்லைன்னா மன்னிச்சுக்கங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. கண்தான் கலங்கியிருந்தது. வேன்காரர் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். ஆமாம் என்று ஆட்டினாரா இல்லை என்று ஆட்டினாரா என்பது அவருக்கே தெரியாது.

வீட்டில் மனைவி தையல் மிஷினில் இருந்தாள். நோய்க் காலத்தில் அந்த மிஷினில்தான் முகக்கவசமாகத் தைத்துத் தள்ளினாள். இப்போது பள்ளிக்கூடச் சட்டைகள். பிள்ளைகள் வீட்டிலேயே இருந்து வளர்ந்துவிட்டதால் எல்லோருக்கும் புது அளவு. அவர் நடந்ததைச் சொன்னார். அவள் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"நானும் இத்தனை நாள் கேக்கல. இப்பக் கேக்கறேன். ஏன் அவளை ஏத்த மாட்டேங்கறீங்க?"

"வளந்துட்டா. பஸ்ல போய்ப் பழகட்டும்."

"அந்தக் கதையெல்லாம் அடுத்த வீட்ல போய்ச் சொல்லுங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தைத்த சட்டை ஒன்றை எடுத்து மடியில் வைத்து, பித்தானைப் போட்டார், கழற்றினார்.

"அக்கா உயிர் ஆஸ்பத்திரில போகல" என்றார்.

மனைவியின் கை சக்கரத்திலேயே இருந்தது. இவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். காய்ச்சலும் மூச்சிரைப்புமாக அக்கா வேனுக்கு அவளாகவே நடந்து வந்தாள். மெத்தையில் படுக்கச் சொன்னதற்கு, "படுத்துக்கிட்டுப் போனா பொணம்னு நெனச்சுக்குவாங்க தம்பி, நான் என் எடத்துல உக்காந்துக்கறேன்" என்று கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கென்று கூட வர யாரும் இல்லை. முதல் ஆஸ்பத்திரியில் இடமில்லை என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். அடுத்த ஆஸ்பத்திரி ஊருக்கு மறுகோடியில்.

"வழியெல்லாம் மூச்சு வாங்க வாங்க கத்திப் பேசிட்டே வந்தா. ஷீட்டை நல்லா ஒட்டுடா, உனக்குப் பொண்ணு இருக்குன்னு சொன்னா. அப்புறம் பேச்சைக் காணோம். சரி, அசந்துட்டா போலன்னு நான் பாட்டுக்குப் பேசிட்டே ஓட்டறேன். ஸ்கூல் தொறந்ததும் எவனை எங்க உக்கார வெக்கணும், யாரையெல்லாம் பிரிச்சு வெக்கணும், அது இதுன்னு. வளைவு வந்துச்சு. குரல் வரல. கண்ணாடில பாத்தேன். தலை ஜன்னல்ல சாஞ்சிருந்துச்சு. தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் பேசிட்டேதான் போனேன்."

"நிறுத்திப் பாக்கலையா?"

"நிறுத்தினா பின்னாடி போகணுமே." அவர் குரல் இறங்கிப்போனது. "பயமா இருந்துச்சு. அத்தனை பேரைத் தூக்கிப் போட்டிருக்கேன். அன்னிக்கு என்னவோ, தொட்டா எனக்கும் வந்துடும்னு தோணிடுச்சு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவளைத் தனியா விட்டுட்டேன். அவங்கதான் கதவைத் தொறந்து பாத்தாங்க. ஒருவேளை அந்த வளைவுல உயிர் இருந்திருந்தா?"

மனைவி அழுதாள். முந்தானையால் மூடிக்கொள்ளாமல், ஊசியில் மாட்டிய துணியைப் பார்த்தபடியே அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "அப்ப அந்த எடத்துல பையை அடுக்கி வெச்சு யாரைக் காப்பாத்தறீங்க?" என்று கேட்டாள். அவர் மடியிலிருந்த சட்டையை மடித்து வைத்தார்.

மகள் சமையலறை வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். இரண்டு பேரும் அவளைக் கவனிக்கவில்லை. "நான் உக்காந்துக்கறேன்பா" என்றாள். "முன்ன நான் அக்கா பக்கத்துலதானே உக்காருவேன்."

"வேணாம் கண்ணு."

"நாளைக்கு அவ வேன்லதான் போறா" என்றாள் மனைவி. சக்கரத்தை விட்டாள். மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது, அதற்குமேல் பேச்சு எடுபடவில்லை.

மறுநாள் காலை கடைசி சீட்டு காலியாக இருந்தது. மகள் பின்கதவால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வேன் எல்லாத் தெருவையும் சுற்ற வேண்டும் என்பதால் பஸ்ஸுக்குப் போவதைவிட ரொம்ப முன்னாலேயே எழுப்பிவிட்டிருந்தார்கள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வேன்காரர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, தலைக்கு மேலிருந்த கண்ணாடியை இறக்கித் திருப்பினார். பெண்ணின் முகம் அதில் வந்து நின்றது. அவள் சிரித்துக் காட்டினாள்.

முதல் தெருவில் ஏறிய குட்டிப் பையன் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனவன் திடுக்கிட்டு நின்றான். "அக்கா, அங்க உக்காரக் கூடாது. அங்க பைதான்."

"நான் உக்காரலாம்."

"ஏன்?"

"வேன் எங்கப்பாது."

அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தான். இன்னும் சில பிள்ளைகள் ஏறினார்கள். வேன்காரர் வழக்கத்துக்கு மாறாகப் பேசிக்கொண்டே வந்தார். "கண்ணு, பின்கதவு சாத்தியிருக்கா பாரு." "சாத்தியிருக்குப்பா." "காத்து வருதா?" "வருதுப்பா." "நேத்து பரீட்சை எப்படி எழுதினே?" "பரீட்சையே இல்லைப்பா நேத்து." பிள்ளைகள் சிரித்தார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டார்.

மாடி வீட்டுத் தெருவுக்குத் திரும்புகிற இடத்தில், "மதியத்துக்கு அம்மா என்ன கட்டிக் குடுத்தா?" என்று கேட்டார்.

பதில் வரவில்லை.

"கண்ணு."

கண்ணாடியில் பார்த்தார். பெண்ணின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வண்டி குலுங்கியபோது தலையும் சேர்ந்து ஆடியது.

தெருவின் நடுவிலேயே பிரேக் விழுந்தது. மாடி வீட்டு வாசல் இன்னும் நாலு வீடு தள்ளி இருந்தது. அங்கே மகனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அந்த அம்மா, வேன்காரர் கதவைத் திறந்து குதிப்பதைப் பார்த்தாள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு செருப்பு கழன்று ரோட்டில் கிடந்தது. அந்தக் கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அவர் பின்பக்கம் ஓடினார். பின்கதவைத் திறந்து, ஒரு முழங்காலைச் சீட்டின்மேல் ஊன்றி, மகளின் மூக்கின் கீழே விரலை வைத்தார்.

பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் வந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். மாடி வீட்டு அம்மா மகனை இழுத்துக்கொண்டு வேகமாக வந்துவிட்டாள். வேனுக்குப் பின்னால் நின்று, தூங்குகிற பெண்ணையும், விரலையும், வேன்காரரின் முகத்தையும் பார்த்தாள். அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"தூங்கறாளாண்ணா?" என்று மெல்லக் கேட்டாள்.

"தூங்கறா."

அவள் மகனின் தோளிலிருந்து பையைக் கழற்றினாள். பிறகு மகனைத் தூக்கி அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் கடைசி சீட்டில் உட்கார வைத்தாள். பையை அவன் மடியில் வைத்து, "சத்தம் போடாத, அக்கா தூங்கறாங்க" என்றாள். பையன் தலையாட்டிவிட்டு வேன் மாமாவையே பார்த்தான்.

ஹாரன்கள் ஒன்றுக்கு இரண்டாயின. வேன்காரர் விரலை எடுக்கவில்லை.